கண்ணாடி, பேனா, காவி, நீலம்: என் முகத்தை நானே வரைந்து பார்த்த குறிப்புகள்

எங்கள் புளியங்குடி வீட்டுப் பட்டாசலில் அப்பாவின் படம் மாட்டியிருக்கிறது. எலுமிச்சை கமிஷன் கடையில் கணக்கு எழுதினவர். கணக்கு எழுதுறவர்னாலும் நிழலில் உட்கார்ந்திருந்த ஆள் இல்லை. மூட்டை எண்ண, லாரியில் ஏற்றிவிட என்று பாதி நாள் வெயிலில்தான் நிற்பார். அவர் இறந்த பிறகு, இளவயதில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிதாக்கி, கலர் போட்டு, சட்டம் அடித்து வாங்கினோம்.

போன ஆடிக்கு ஊருக்குப் போயிருந்தபோது என் மகள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "தாத்தா இவ்ளோ சிவப்பா இருந்தாங்களா? அப்போ நீங்க ஏம்ப்பா இப்படி?"

எல்லாரும் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அது படம் போட்டவன் பண்ணுன வேல. உங்க தாத்தா இப்படியா இருந்தாவ?" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அன்றைக்கு ராத்திரி என் ஸ்கெட்ச் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். ஆறேழு மாதமாகப் பேனாவும் வாட்டர்கலரும் வைத்து என் முகத்தையே வரைந்து பழகிக்கொண்டிருந்தேன். மொத்தம் பதினோரு முகம். பதினொன்றிலும் நான் இருக்கிற நிறத்தைவிட இரண்டு மூன்று படி வெளுப்பு. ஸ்டுடியோக்காரர் அப்பாவுக்குச் செய்ததை எனக்கு நானே செய்திருக்கிறேன். யாரும் காசு கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

ஏன் இப்படி ஆச்சுன்னு தேடிப் போனதில் தெரிந்துகொண்டதுதான் இந்தப் பதிவு. நான் ஓவியன் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். தப்பு எங்கே நுழைகிறது என்று ஒவ்வொரு படியாகப் பிரித்துப் பார்ப்பது தொழில் பழக்கம். தன் முகத்தை வரைவதில் தப்பு நுழைய நான்கு வாசல் இருக்கிறது.

1. கண்ணாடி காட்டும் ஆள்

கண்ணாடியில் தெரிவது இடம் வலம் மாறிய முகம். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதன் விளைவு அவ்வளவாகத் தெரியாது. எந்த முகமும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்காது. என் வலது புருவம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். வகிடு ஒரு பக்கம். நாற்பது வருடமாக நான் பார்த்துப் பழகிய முகத்தில் இதெல்லாம் எதிர்ப் பக்கம் இருக்கிறது. மற்றவர்கள் பார்க்கும் முகம் எனக்கு அன்னியம்.

மிட்டா, டெர்மர், நைட் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1977-ல் இதைச் சோதித்தார்கள். ஒரு ஆளின் புகைப்படத்தையும், அதையே இடம் வலம் மாற்றிய படத்தையும் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். படத்தில் இருந்தவர்கள் கண்ணாடிப் பதிப்பின் பக்கம் சாய்ந்தார்கள், அவர்களுடைய நண்பர்கள் சரியான பதிப்பின் பக்கம். அடிக்கடி பார்த்தது பிடித்துப்போகிறது, அவ்வளவுதான். செல்ஃபியில் "நான் இப்படி இல்லையே" என்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓவிய வரலாற்றில் இதனால் வந்த வேடிக்கை ஒன்று உண்டு. வான்கோ வெட்டிக்கொண்டது இடது காதை. 1889-ல் அவர் கட்டுப் போட்ட காதோடு தன்னை வரைந்த ஓவியங்களில் கட்டு வலது காதில் இருப்பதுபோலத் தெரியும். கண்ணாடியைப் பார்த்து அப்படியே வரைந்துவிட்டார். ரெம்பிராண்ட் கதை நேர் எதிர். அவர் தன்னையே ஏறக்குறைய 80 தடவை வரைந்தவர். அவற்றில் பல செம்புத் தகட்டில் கீறி அச்சடித்த படங்கள். கண்ணாடியைப் பார்த்துத் தகட்டில் கீறினால் முகம் ஒரு தடவை திரும்புகிறது. தாளில் அச்சாகும்போது இன்னொரு தடவை திரும்புகிறது. இரண்டு மைனஸ் சேர்ந்து பிளஸ். அதனால் அந்த அச்சுப் படங்களில் இருப்பது அவர் கண்ணாடியில் பார்த்த முகம் அல்ல, தெருவில் போனவர்கள் பார்த்த முகம்.

நமக்குத் தகடு வேண்டாம். வரைந்ததைப் போனில் படமெடுத்துத் திருப்பிப் பார்த்தால் போதும். கோணலாக வரைந்த இடமெல்லாம் ஒரே நொடியில் பல்லை இளிக்கும்.

2. அளவு: உங்கள் முகம் பாதிதான்

ஒரு சின்ன சோதனை. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கண்ணாடியில் தெரியும் முகத்தின் ஓரத்தைச் சோப்புத் துண்டால் சுற்றி வரைந்துவிட்டு, ஸ்கேலால் அளந்து பாருங்கள். உங்கள் முகத்தின் உயரத்தில் சரிபாதிதான் இருக்கும். பின்னால் தள்ளிப் போனாலும் அதே பாதிதான், மாறாது. சொன்னால் பலர் நம்புவதில்லை, நானும் நம்பவில்லை.

காரணம் எளிய வடிவியல். கண்ணாடிக்கு முன்னால் நான் எவ்வளவு தூரத்தில் இருக்கிறேனோ, அதே தூரம் பின்னால் என் பிம்பம் இருக்கிறது. என் கண்ணுக்கும் பிம்பத்துக்கும் நட்டநடுவே கண்ணாடிப் பரப்பு. முக்கோணத்தைப் பாதி வழியில் வெட்டினால் அடிப்பகுதியின் பாதி நீளம்தானே கிடைக்கும்? கலை வரலாற்று அறிஞர் கோம்பிரிச் 1960-ல் வந்த தன் புத்தகத்தில் இந்தச் சோதனையைக் குறிப்பிடுகிறார்.

வரைகிறவனுக்கு இதில் பெரிய லாபம் இருக்கிறது. என் தலை உச்சி முதல் தாடை வரை சுமார் 22 செ.மீ. கண்ணாடிப் பரப்பில் 11 செ.மீ. கையடக்கப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் 11 செ.மீ. தாராளமாக அடங்கும். கண்ணாடி மேலேயே ஸ்கேலை வைத்து அளந்து, அதே அளவைத் தாளில் குறிக்கலாம். பெருக்கல் வகுத்தல் ஒன்றும் வேண்டாம்.

அளந்தபோதுதான் தெரிந்தது, நான் கண்களை எவ்வளவு மேலே வைத்துக்கொண்டிருந்தேன் என்று. கண் கோடு தலையின் உச்சிக்கும் தாடைக்கும் ஏறக்குறைய நடுவில் வரும். நமக்கு முகம் என்றால் கண், மூக்கு, வாய்தான். நெற்றியும் மண்டையும் மனசில் பதிவதே இல்லை. அதனால் புதிதாக வரைகிற எல்லாரும் மண்டையைச் சின்னதாக்கிவிடுகிறோம். முடி கொட்டினவர்களும் இதற்கு விலக்கு இல்லை.

இன்னொரு சிக்கல், தலை ஆடுவது. தாளைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தால் தலை பழைய இடத்துக்கு வராது. இதற்கு நம்ம வீட்டிலேயே கருவி இருக்கிறது: கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கும் ஸ்டிக்கர் பொட்டு. ஒன்றை எடுத்து, என் பிம்பத்தின் இரண்டு புருவங்களுக்கு நடுவில் வருகிற மாதிரி கண்ணாடியில் ஒட்டினேன். ஒவ்வொரு தடவை நிமிரும்போதும் பொட்டு அதே இடத்தில் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். தாடியோடு பொட்டு வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

3. பேனா: திரும்ப வாங்க முடியாத கோடு

என் முதல் முயற்சி வீட்டில் கிடந்த ஃபவுண்டன் பேனாவில். நன்றாகவே வந்தது. அதன்மேல் தண்ணீர்த் தூரிகையை வைத்ததும் கண்ணும் மூக்கும் கரைந்து, மழையில் நனைந்த ஹால் டிக்கெட் மாதிரி ஆகிவிட்டது. தப்பு பேனா மேல் இல்லை. சாதாரண ஃபவுண்டன் பேனா மை, தண்ணீரில் கரைந்த சாயம். காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் மறுபடி கரையும். நமக்கு வேண்டியது நிறமித் துகள் கலந்த மை. அதிலும் கரித் துகள் மைதான் பழையது, உறுதியானது. விளக்குக் கரியை எடுத்து ஓலைச்சுவடியில் கீறிய எழுத்துகள்மேல் தடவினார்களே, அதே கரி. காலத்தால் வெளிறாது, தண்ணீருக்கும் அசையாது. கடையில் இந்தியன் இங்க் என்று கிடைப்பதும் கரி மைதான், ஆனால் அதில் பெரும்பாலும் அரக்கு கலந்திருக்கும். ஃபவுண்டன் பேனாவில் ஊற்றினால் உள்ளே இறுகி அடைத்துக்கொள்ளும். அதைத் தொட்டெழுதும் நிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீர்புகா மை என்று போட்டிருக்கும் மெல்லிய ஃபைபர் முனைப் பேனா ஆரம்பத்துக்குச் சௌகரியம்.

பேனாவின் குணம், அழிக்க முடியாது என்பது. டியூரர் தன் 13-வது வயதில், 1484-ல், கண்ணாடியைப் பார்த்துத் தன்னை வரைந்த படம் இன்றும் வியன்னாவில் இருக்கிறது. அது வெள்ளி முனையால் வரைந்தது. வெள்ளி முனைக் கோட்டையும் அழிக்க முடியாது. பதிமூன்று வயசுப் பையன் அழிரப்பர் இல்லாமல் செய்த வேலையைப் பார்த்தால் நமக்குக் கூச்சமாக இருக்கும், கொஞ்சம் தைரியமும் வரும்.

கோட்டின் பொறுமைக்கு நமக்குப் பக்கத்து உதாரணம் மதுரைக்காரர் மனோகர் தேவதாஸ் (1936-2022). மதுரையின் தெருக்களையும் கோவிலையும் நுணுக்கமான பேனாக் கோடுகளில் வரைந்தவர். கண்ணின் விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும் நோய் இருந்தும், பார்வை சுருங்கிக்கொண்டே வந்த காலத்திலும் வரைந்தார். அவருடைய படங்களைப் பார்த்து நான் எடுத்துக்கொண்ட பாடம்: அவசரப்பட்டு நீளக் கோடு இழுக்காதே, பார்த்த அளவுக்கு மட்டும் கோடு போடு.

தப்பான கோடு விழுந்தால் என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். பக்கத்தில் சரியான கோட்டைப் போட்டுவிட்டுப் போகலாம். பார்க்கிறவர் கண் இரண்டில் சரியானதை எடுத்துக்கொள்ளும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பேனாவில் நிழலுக்குக் குறுக்குக் கோடுகளை நெருக்கமாகப் போட்டுவிட்டு, அதன்மேல் அடர்ந்த வண்ணமும் பூசினால் முகம் சேறாகிவிடும். வேலையைப் பிரித்துக் கொடுங்கள். வடிவம் பேனாவுக்கு, வெளிச்சமும் நிழலும் வண்ணத்துக்கு.

4. நிறம்: இங்கேதான் மாட்டினேன்

அப்பா படத்துக்கு வருகிறேன். பழைய ஸ்டுடியோக்களில் நெகட்டிவை டச் பண்ணுவது தனித் தொழில். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ்: வெளிச்சமான இடம் அடர்த்தியாகவும், கறுப்பான இடம் மெல்லிசாகவும் இருக்கும். முகம் இருக்கும் மெல்லிசான இடத்தில் கூர்மையான பென்சிலால் நுணுக்கமாகக் கோடு போட்டால் அங்கே அடர்த்தி கூடும். பிரிண்ட் போடும்போது அந்த வழியாக ஒளி குறைவாகப் போகும், தாள் வெள்ளையாகவே நிற்கும். முகம் "தெளிச்சியாக" வந்துவிடும். அந்தக் காலத்தில் ஓவியரும் போட்டோகிராபரும் பக்கத்துப் பக்கத்துத் தொழில்காரர்கள். சங்கரன்கோவில் வழியாகப் போனால் எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் கோவில்பட்டியில்தான் காலண்டர் ஓவியத்தின் தலைமகன் சி. கொண்டையராஜு (1898-1976) தேவி ஆர்ட் ஸ்டுடியோ நடத்தினார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான சாமி படங்கள் வராத வீடு தென்தமிழ்நாட்டில் அபூர்வம். ஒளிரும் முகம்தான் நல்ல முகம் என்று பார்த்து வளர்ந்த கண் எங்களுடையது.

அப்பா படத்தில் இந்தப் பென்சில் வேலை ஏற்கெனவே நடந்திருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஏதோ ஒரு "தோல் நிறத்தை" மேலே பூசினார்கள். அந்தப் படத்தில் ஒரு பிக்ஸல்கூட அப்பாவின் உண்மை நிறத்தைப் பார்த்தது கிடையாது.

இது நம்ம ஊர் நோய் மட்டும் இல்லை. அமெரிக்காவில் கிரேயோலா கம்பெனி இளஞ்சிவப்புக் கிரேயானுக்கு "சதை நிறம்" என்று பெயர் வைத்திருந்தது. 1962-ல்தான் அதை "பீச்" என்று மாற்றினார்கள். கலர் பிரிண்ட் போடும் லேப்களுக்குக் கோடாக் அனுப்பிய அளவுகோல் அட்டையில் பல வருடம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ஷெர்லி கார்டு என்பார்கள். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம்.

சரி, ஸ்டுடியோக்காரருக்குக் காரணம் இருந்தது. எனக்கு? என் பதினோரு படங்களும் வெளுத்ததற்கு மூன்று காரணம் கண்டுபிடித்தேன்.

முதலாவது, வாட்டர்கலர் காய்ந்தால் வெளிறும். ஈரமாக இருக்கும்போது சரியாகத் தெரிவது காய்ந்ததும் ஒரு படி இறங்கிவிடும்.

இரண்டாவது, வெள்ளைத் தாள். வெள்ளைக்குப் பக்கத்தில் எந்த நிறமும் இருப்பதைவிட அடர்த்தியாகத் தெரியும். முதல் பூச்சு பூசினதுமே "ஐயோ, ரொம்பக் கறுப்பு" என்று கை நின்றுவிடுகிறது. சட்டை, பின்னணி எல்லாம் பூசி முடித்த பிறகு பார்த்தால் முகம் மட்டும் பூசாத சுவர் மாதிரி நிற்கும்.

இந்த இரண்டுக்கும் மருந்து உண்டு. பின்னணியை முதலில் பூசிவிட வேண்டும், பிறகு முகம். பூசும் நிறம் காய்ந்த பிறகு வேண்டிய நிறத்தைவிட ஒரு படி கூடுதலாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஆசை. எப்லியும் விட்சர்ச்சும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களின் முகப் படத்தைக் கம்ப்யூட்டரில் அழகாக்கியும் அழகு குறைத்தும் பல பதிப்புகள் செய்து, அசலோடு கலந்து காட்டி, "இதில் உன் உண்மைப் படம் எது?" என்று கேட்டார்கள். அழகாக்கிய பதிப்பைத்தான் அதிகமாகத் தேர்ந்தெடுத்தார்கள். நண்பர்கள் முகத்திலும் அதே சாய்வு. முன்பின் தெரியாத ஆள் முகத்தில் அது இல்லை. பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். நம்ம ஊரில் அழகு என்றால் எதைச் சொல்வார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வெளுப்புக்கே "சிவப்பு" என்று பெயர் வைத்து, பெண் பார்க்கும்போதும் பிள்ளை பிறந்த வீட்டிலும் முதலில் அதைக் கேட்கிறவர்கள் நாம். இதற்கு மருந்து தெரியவில்லை. அளவுகோல் ஒன்று செய்துகொண்டேன்.

அட்டை வைத்தியம்

பெயிண்ட் கடையில் ஷேட் கார்டு கொடுப்பார்கள் இல்லையா, அதே மாதிரி. ஒரு நீளத் தாளில் பன்னிரண்டு கட்டம். வெளிர் மஞ்சள் காவியில் ஆரம்பித்து அடர் பழுப்பு வரை படிப்படியாகக் கலந்து பூசி, நன்றாகக் காயவிட்டேன். அப்புறம் ஜன்னல் பக்கம் நின்று தாளைக் கன்னத்தோடு ஒட்டி வைத்துக் கண்ணாடியில் பார்த்தேன். நான் அதுவரை வரைந்துகொண்டிருந்தது நான்காவது கட்டம். கன்னம் பொருந்தியது ஏழில்.

கலவை ரொம்ப எளிது. எரித்த சியன்னா என்று விற்பது சுட்ட இரும்பு மண். கோலத்துக்குச் சுற்றிலும் இழுக்கிற காவியின் உறவு. அல்ட்ராமரின் நீலம், முன்பெல்லாம் வேட்டி வெளுக்கப் போட்ட நீலப்பொடியில் இருந்த அதே நிறமி. டியூபில் சிறிய எழுத்தில் பிபிஆர் 7, பிபி 29 என்று நிறமி எண் போட்டிருக்கும். கம்பெனிப் பெயரைவிட அதைப் பார்த்து வாங்குங்கள். காவியில் கொஞ்சம் மஞ்சள் காவி சேர்த்தால் வெயில் பட்ட தோல். காவியில் நீலம் கூடக் கூட நிழல். நம்ம முகம் இந்த மூன்று டியூபுக்குள் அடங்கிவிடுகிறது. கறுப்பு டியூப் தேவையே இல்லை, "சதை நிறம்" டியூபும் தேவை இல்லை.

கறுத்த தோலை வரைவதில் ஒரு ரகசியம், அதன் மினுமினுப்பு. தோலில் விழும் ஒளியில் நூற்றில் மூன்று நான்கு பங்கு உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பும். எந்த நிறத் தோலானாலும் இந்தப் பங்கு ஏறக்குறைய அதேதான். அது தோலின் நிறத்தைத் தொடாததால் ஒளியின் நிறத்திலேயே வரும். வெளுத்த தோலில் உள்ளிருந்து திரும்பும் ஒளி நிறைய இருப்பதால் இது அமுங்கிப்போகும். கறுத்த தோலில் பளிச்சென்று தெரியும். ஜன்னல் வழியாக வானம் தெரிந்தால் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் நீலச் சாயல் இருக்கும். அங்கே தாளைக் காலியாக விட்டு, கடைசியில் மிக மெல்லிய நீலத்தைத் தொட்டால் முகம் உயிர் பெறும். வெளுப்பாக்கினால்தான் முகம் ஒளிரும் என்று நினைத்திருந்தேன். சுற்றிலும் கறுப்பு சரியாக இருந்தால்தான் ஒளிர்கிறது.

செய்யும் வரிசை

- 300 ஜிஎஸ்எம் தடிமன் உள்ள தாள், முடிந்தால் பருத்தித் தாள். மெல்லிய தாள் சுருண்டு தண்ணீர் தேங்கும்.
- ஒரே பக்கமிருந்து வெளிச்சம். பொட்டு ஒட்டி, அளந்து, பென்சிலில் நாலு புள்ளி: உச்சி, கண், மூக்கடி, தாடை.
- நீர்புகா மையில் கோடு. பத்து நிமிடமாவது காயவிட்டு, பென்சிலை அழிக்கவும்.
- பின்னணி, சட்டை.
- முகத்துக்கு முதல் பூச்சு மஞ்சள் காவியும் காவியும். மினுக்கும் இடங்களைத் தொடாதீர்கள். கண்ணின் வெள்ளை உண்மையில் வெள்ளை இல்லை, லேசான சாம்பல்.
- காய்ந்த பிறகு இரண்டாவது பூச்சு காவி. அதுவும் காய்ந்ததும் நிழலுக்குக் காவியும் நீலமும். ஆடிச் சாரலில் எங்கள் ஊரில் ஒரு பூச்சு காய ஒரு காப்பி குடித்து முடிக்கலாம். சித்திரையில் தூரிகையை எடுப்பதற்குள் காய்ந்து ஓரம் கட்டிவிடும்.
- நரை முடிக்கு வண்ணமே வேண்டாம், தாளின் வெள்ளையே போதும். நாற்பதுக்கு மேல் இதுதான் லாபம்.

பன்னிரண்டாவது முகம் இந்த முறையில் வந்தது. அழகான படம் என்று சொல்ல மாட்டேன், இடது காது பெரிதாகப் போய்விட்டது. ஆனால் ஆள் நான்தான்.

அம்மாவிடம் காட்டினேன். "என்னய்யா, இம்புட்டு கறுப்பா வரைஞ்சிருக்க" என்றாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். எனக்கு ஒன்று தோன்றியது. அந்தப் பன்னிரண்டு கட்டத் தாளை எடுத்துக் கொடுத்து, "அப்பா இதுல எது?" என்று கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். விரல் ஆறில் நின்றது, எட்டுக்குப் போனது, ஒன்பதில் நின்றது.

"இது. சந்தையில இருந்து வந்து சட்டையைக் கழட்டுனா கழுத்துக்கு மேல இது, கீழ இது" என்று ஒன்பதையும் ஆறையும் காட்டினாள்.

சட்டத்தில் இருக்கும் படத்தை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்; பழகிப்போச்சாம். அந்தத் தாளில் ஆறையும் ஒன்பதையும் பேனாவால் வட்டமிட்டு, படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறேன். அடுத்த லீவில் அப்பாவை வரைய வேண்டும். கண்ணாடி உதவாது, நினைவிலிருந்துதான். அது எப்படி வருகிறது என்று பிறகு எழுதுகிறேன்.